அத்தா எழுதாமல் விட்ட பெயர்

உயிரைக் கொடுத்தவனும், கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டவனுமாகிய அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன்.

அன்பான சொந்தபந்தங்களுக்கும், அத்தாவோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் தெருவாருக்கும் ஸலாமும் வணக்கமும். எங்களைப் பெற்ற அத்தா மவுத்தாகி நாற்பது நாள் ஆகிவிட்டது. இன்று ஃபாத்திஹாவுக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்தச் சிறு நினைவு மலரைக் கொடுக்கிறோம். அத்தாவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டான். நான் பத்தாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொல்வது முறைதான். ஆனால் அத்தாவைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. நோன்பு மாதத்தில் பகலில் சோறு சாப்பிட்டார் என்பது ஒன்று. சோறு போட்ட கம்பெனியைக் காட்டிக் கொடுத்தார் என்பது இன்னொன்று. இரண்டும் பொய். அத்தா செய்த தவறு வேறு. அதை யாரும் பேசுவதில்லை. அத்தா மட்டும்தான் பேசினார், கடைசி மூச்சு வரைக்கும். அதனால் அதையும் எழுதிவிடுகிறேன்.

அத்தா பிறந்தது ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில். அங்கே நம்மவர்கள் வீடு மூன்றோ நான்கோதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுவதற்கு விருதுநகருக்கு நடந்தே வருவார்களாம். அத்தாவுக்கு எட்டு வயதில் அவருடைய தகப்பனார் காலமாகிவிட்டார். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. மிளகாய் வத்தல் மண்டியில் சாக்குத் தைத்தார். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்கினார். கல்யாணம் ஆன பிறகு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் வெடிமருந்து கலக்கும் வேலைக்குப் போனார். வேலை சுத்தம், குடி இல்லை, பீடி இல்லை என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, போர்மேன் சான்றிதழ் வாங்கினார். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தோம்.

சம்பாத்தியம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அத்தா ரொம்பக் கண்டிப்பு. தீபாவளிக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் தரும் பரிசுப் பெட்டியைத் தவிர ஒரு மத்தாப்புக் குச்சி கூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. உழைத்தவனுக்கு அவன் வேர்வை உலரும் முன்னே கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது மார்க்கம் நமக்குச் சொல்லும் கட்டளை. சனிக்கிழமை சம்பளம் போடும்போது கடைசிப் பெண்பிள்ளை வாங்கிக்கொண்டு வண்டி ஏறும் வரை அத்தா வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். மருந்தில் கலக்கும் வெள்ளிப் பவுடர் நகக்கண்ணில் அப்பியிருந்தால் தண்ணீர் உள்ளே படாது, ஒளு சேராது. அதனால் ஒவ்வொரு தொழுகைக்கு முன்னாலும் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துப் பத்து விரலையும் ரத்தம் வராத குறையாகத் தேய்ப்பார். "போர்மேன் பாய் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாரு" என்று வேலைக்கு வரும் பெண்கள் கேலி பண்ணுவார்களாம். அத்தா சிரித்துக்கொள்வார்.

ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசுத் தொழிற்சாலை பற்றித் தெரியாத வெளியூர்ச் சொந்தங்களுக்காக ஒன்று சொல்கிறேன். மருந்து செலுத்தும் அறையில் நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அறைக்கு நாலு பக்கமும் வாசல். பொறி பட்டால் அவரவர் வாசல் வழியாக அவரவர் வெளியே பாய்ந்துவிடலாம். இதை அத்தா எங்களுக்குச் சின்ன வயதிலேயே தீப்பெட்டியை வைத்து விளக்கியிருக்கிறார். ஆனால் சீசன் நெருங்கினால் ஆர்டர் குவியும். அப்போது அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர் உட்காருவார்கள். ரிஜிஸ்டரில் நாலு பெயர்தான் இருக்கும். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சொல்வார்கள். அத்தா தன் அறைகளில் ரொம்ப வருடம் அதற்கு இடம் கொடுக்காமல்தான் இருந்தார்.

நோன்பும் தீபாவளி சீசனும் ஒரே மாதத்தில் வந்த வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு வருடம் பேச்சியம்மாள் என்கிற பெண் அத்தாவிடம் வேலை கேட்டு வந்தார். ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியிலிருந்து வந்தவர். கணவர் பெயர் சோலைமலை. விறகு வெட்டப் போய்க் காலில் அடிபட்டு அவர் வேலைக்குப் போகாமல் கிடந்தார். பால்வாடி வயதில் ஒரு பெண் குழந்தை.

"ஆறு நாளா அலையிறேன் பாய். எல்லா ஆபீஸ்லயும் ஆள் நெறைஞ்சிருச்சுங்காக. உங்க அறையில ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிறேன்" என்றாராம்.

நாலு பேருக்குத்தான் அனுமதி என்று அத்தா சொல்லியிருக்கிறார்.

"நான் ஒல்லியாத்தான இருக்கேன். அரை ஆளா வச்சுக்கோங்க" என்றாராம் அந்தப் பெண். மற்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அத்தாவும் சிரித்துவிட்டார்.

பசியின் அருமை தெரிகிற மாதம். ஏழைக்கு இரங்க வேண்டிய மாதம். அன்று விடியுமுன் சஹருக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தவன் நான் என்று அத்தா பிறகு சொன்னார். சரி, உட்காரு தாயி என்று சொல்லிவிட்டார். நாலு பேரும் நாலு வாசலை ஒட்டி இருந்ததால் பேச்சியம்மாளுக்கு அறையின் நடுவில் இடம். ரிஜிஸ்டரில் பெயர் எழுத முடியாது. ஐந்தாவது பெயரை எழுதினால் அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும்.

பதினோரு நாள் வேலை பார்த்தார். பன்னிரண்டாவது நாள் மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு அத்தா மருந்து அறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது அந்த அறை தீப்பிடித்துக்கொண்டது. எதனால் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. நாலு பேர் தீக்காயத்தோடு நாலு வாசல் வழியாக வெளியே விழுந்தார்கள். ஐந்தாவது ஆளுக்கு வாசல் இல்லை. அத்தா உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தாவின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்தது அப்போதுதான். அந்த வடுவை உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள்.

கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பேச்சியம்மாளுக்கு நினைவு இருந்தது. வலிக்குது என்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. பிள்ளையைக் கூடக் கேட்கவில்லை.

"பாய், என் பேர எழுதிட்டீகளா?" என்று கேட்டார்.

பெயர் ரிஜிஸ்டரில் இருந்தால்தான் இறந்தவர் தொழிலாளி. இல்லாவிட்டால் யாரோ ஒரு ஆள். குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது. பதினோரு நாளில் அந்தப் பெண் அதைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

"எழுதிட்டேன் தாயி" என்று அத்தா சொன்னார்.

 சாயங்காலம் அஸர் நேரத்தில் பேச்சியம்மாளின் உயிர் பிரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கம்பெனி மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தேன். அதனால் இதை நானே கேட்டேன். கையில் ஒரு டைப் அடித்த தாள். அன்றைக்கு அறையில் வேலை பார்த்தது நாலு பேர்தான், இறந்தவர் தொழிலாளி இல்லை, போர்மேனுக்கு மத்தியானச் சோறு கொண்டு வந்தவர், தற்செயலாக அறைக்குள் நின்றவர் என்று அதில் இருந்தது. பெயரில்லாத ஆள் இறந்தால் வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்களாம். யாருக்குச் சோறு, அது எந்த மாதம் என்று யோசிக்காமல் வழக்கப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அத்தா அதைப் படித்துவிட்டு, அந்தப் பெண் பதினோரு நாள் வேலை பார்த்தவர் ஆயிற்றே என்றார்.

மேனேஜர் கோபப்படவில்லை. தணிந்த குரலில்தான் பேசினார். "அஞ்சாவது ஆள உட்கார வச்சது முதலாளியா, நானா? நீங்க பாய். உள்ள போகப் போறதும் நீங்கதான். மக பிள்ளத்தாச்சியா இருக்கா. யோசிச்சுக்கங்க."

அத்தா கையெழுத்துப் போட்டார். கட்டுப் போட்ட கையால் போட்டதில் எழுத்து கோணலாகப் போனது. பரவாயில்லை என்று மேனேஜர் மடித்து வைத்துக்கொண்டு போனார். அன்று பாங்கு சொன்ன பிறகும் அத்தா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அம்மா ஊட்டிவிட்டார்கள்.

அந்தத் தாளில் இருந்தது நாலே நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க அத்தா தூக்குவாளியோடு வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஒருவர், "போர்மேனுக்குக் கஞ்சி எதுக்குப்பா, மத்தியானச் சோறே இன்னும் செமிச்சிருக்காதே" என்றாராம். இன்னொருவர், "என்ன கறின்னு கேளுங்கப்பா" என்றாராம். நோன்பு வைத்திருந்தேன் என்று அத்தாவால் சொல்ல முடியவில்லை. சொன்னால், அப்போது சோறு யாருக்கு வந்தது என்ற கேள்வி வரும். வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்தார்.

நடந்ததைச் சொல்லிவிட்டு, முப்பது வருடமாக ஒரு நோன்பு விட்டதில்லையே, என்னை இப்படிப் பேசிவிட்டார்களே என்று அழுதார். அத்தா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா சமாதானம் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

"சஹருக்கு எழுப்பிச் சோறு போட்டவ நான். உங்க நோன்பு எனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். அவுக ரெண்டு வார்த்தை கேலி பண்ணினதுக்கு இம்புட்டு அழுறீகளே, அந்தப் பிள்ளை வேலைக்கே வரலைன்னு எழுதிக் குடுத்தீகளே, அதுக்கு அவ வீட்டுல என்ன அழுகை அழுவாக?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் அத்தா, வேனில் பேச்சியம்மாள் கேட்டதையும் தான் சொன்னதையும் எங்களிடம் சொன்னார். அதுவரை சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பயானில் ஹஜ்ரத் அளவை நிறுவை பற்றிப் பேசினாராம். அளந்து கொடுக்கும்போது குறைப்பவனுக்குக் கேடு காத்திருக்கிறது என்று வேதம் எச்சரிப்பதை விளக்கினாராம். கேட்டவர்கள் எல்லோரும் வத்தல் மண்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்களாம். அத்தா வீட்டுக்கு வந்து, "அறைக்கு நாலு பேருன்னு இருக்கிறதும் ஒரு அளவைதான். அத மீறினவன் நான். இரக்கப்பட்டேன்னு நெனச்சேன். ஆபத்து இருக்கிற இடத்துல உட்கார வச்சிட்டு, அத மறைச்சது என்ன இரக்கம்?" என்றார். பெருநாளைக்குப் புதுத்துணி எடுக்க வேண்டாம், அந்த மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு நூல் கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்களும் எடுக்கவில்லை.

பெருநாள் கழிந்து அதிகாரிகளின் விசாரணை நடந்தது. அத்தாவோடு தம்பி போயிருந்தான். முதலில் சோலைமலை அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உங்கள் மனைவி சோறு கொடுக்கத்தான் போனாராமே என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுல கொண்டு போறதுக்குச் சோறு எங்க சாமி இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டாராம். அது எழுதிக்கொள்ளக்கூடிய பதிலாக அங்கே யாருக்கும் படவில்லை.

அடுத்து அத்தாவைக் கூப்பிட்டார்கள். தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துத்தானா என்று கேட்டார்கள்.

"கையெழுத்து என்னோடதுதான் ஐயா. எழுதியிருக்கிறது பொய். அந்த மாசம் பூரா எனக்கு நோன்பு. பகல்ல தண்ணி கூடத் தொட மாட்டேன். எனக்கு யாரு சோறு கொண்டு வரணும்? பேச்சியம்மா வேலைக்கு வந்த பொம்பள. பதினோரு நாள் முழுசாப் பார்த்தா, பன்னெண்டாம் நாள் செத்தா. நாலு பேர் அறையில அவள உட்கார வச்சவன் நான். பேர எழுதாம விட்டவனும் நான்."

ஏன் முதலில் பொய் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "பயந்துட்டேன் ஐயா" என்றாராம். அவ்வளவுதான் சொன்னாராம்.

அத்தா ரிமாண்டில் இருந்த நாட்களில்தான் எனக்குப் பிள்ளை பிறந்தது. பேரப்பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வேண்டியவர் சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது சான்றிதழ் ரத்தாகியிருந்தது. வழக்கு நாலு வருடம் இழுத்தது. தம்பி பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு அச்சு ஆபீசுக்கு வேலைக்குப் போனான். எந்தப் பட்டாசு ஆபீசிலும் அத்தாவைச் சேர்க்கவில்லை.

அதைவிட வேறொன்று அத்தாவை உடைத்துப் போட்டது. விசாரணைக்குப் பிறகு அந்த ஆபீசை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். வேலை இழந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வாசலுக்கே வந்து ஏசினார்கள். அந்த அறையிலிருந்து பிழைத்து வந்தவர்களில் ஒருவரும் அவர்களோடு இருந்தார். "உங்களுக்கு மனசாட்சி வந்துருச்சு, எங்களுக்குச் சோறு வருமா பாய்?" என்று அவர் கேட்டார். அத்தா உள்ளே வந்து, அவள் கேட்டதும் நியாயம்தான் என்றார். நல்லதைச் செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

பேச்சியம்மாள் தொழிலாளிதான் என்று கடைசியில் எழுத்தில் வந்தது. அதை வைத்துச் சட்டப்படி வர வேண்டியது அவர் குடும்பத்துக்குத் தாமதமாகவேனும் வந்தது. கம்பெனி இன்னொரு பெயரில் வேறு இடத்தில் நடக்கிறது. அங்கே அறைக்கு எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

அத்தா விருதுநகரில் ஒரு வத்தல் கிட்டங்கியில் மூட்டை அடுக்கும் வேலைக்குப் போனார். முப்பது வருடம் மருந்துத் தூசி போன நெஞ்சுக்குள் மிளகாய்த் தூசியும் போனது. இருமல் நிற்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பெருநாளைக்கும் முன்னால், தன் பங்கு ஃபித்ரா தர்மத்துக்கான அரிசியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொண்டு சோலைமலை அவர்கள் வீட்டுக்குப் போவார். அவர் அரிசியை வாங்கிக்கொள்வார். உட்காருங்கள் என்று சொல்ல மாட்டார். அத்தா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். நீங்கள் ஏன் போய் நிற்கிறீர்கள், தம்பியிடம் கொடுத்து அனுப்பலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். உட்கார வச்சவன் நான்தானே, நிற்க வேண்டியவனும் நான்தான் என்றார்.

கடைசி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். பேச முடியாத நிலையிலும் முகமூடியை விலக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "அல்லாஹ் தனக்குச் செஞ்ச குத்தத்த மன்னிச்சிருவான். மனுசனுக்குச் செஞ்ச குத்தத்த அந்த மனுசன் மன்னிக்கணும். எனக்கு நேர்ல கேட்கத் தைரியம் வரலம்மா. நீ கேட்டு வாங்கிரு." மூன்றாம் நாள் விடியற்காலை சுபுஹு நேரத்தில், அம்மா கலிமா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வழக்கம் போலத் தம்பி எழுந்து நின்று, எங்கள் அத்தா யாருக்காவது தீங்கு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். பொறுத்துக்கொண்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். கஞ்சி வரிசையில் கேலி செய்தவர்களும் சொன்னார்கள் என்று தம்பி சொன்னான். சோலைமலை அவர்கள் பஸ் ஏறி வந்து பள்ளிவாசலுக்கு வெளியே நின்றிருக்கிறார். சந்தூக்குப் பெட்டியின் பின்னால், அடக்கம் செய்யும் மையவாடி வரைக்கும், அந்த அடிபட்ட காலோடு நடந்து வந்திருக்கிறார். மூன்று கைப்பிடி மண்ணும் போட்டார். ஆனால் பொறுத்துக்கொண்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அடக்கம் ஆன மூன்றாம் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வெளி ஆண்கள் முன் வராத இத்தாவில் இருப்பதால் நான்தான் வாசலுக்கு வந்தேன். அத்தா சொல்லிவிட்டுப் போனதை அவரிடம் கேட்டேன். அவர் சொன்னது இது:

"பாய் உண்மையச் சொன்னாரு. செயிலுக்கும் போனாரு. அதுக்கு அவரக் கும்பிடுறேன் தாயி. ஆனா நடு அறையில உட்கார வச்சதும் அவருதான. நான் மன்னிச்சேன்னு சொன்னா அது செல்லாது. நான் புருசன், நாளைக்கு இன்னொருத்திகூட எனக்கு வரலாம். என் மகளுக்கு இன்னொரு ஆத்தா வருமா? அவ நாலாப்புப் படிக்கா. விவரம் தெரியட்டும். அவகிட்டக் கேளுங்க."

நான் சரி என்றேன். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மா உள்ளேயிருந்து, அவுகளுக்குச் சோறு போடச் சொல்லு என்றார்கள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில் பல பேருக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். ரிமாண்டு நாட்களில் எங்கள் வீட்டுக்கு யாருக்கும் தெரியாமல் அரிசி கொண்டு வந்து வைத்த பக்கத்து வீட்டு நாடார் அக்கா, வழக்குக்கு ஒரு பைசா வாங்காமல் வாதாடிய வக்கீல் ஐயா, சான்றிதழ் போன ஆள் என்று பார்க்காமல் வேலை கொடுத்த கிட்டங்கி முதலாளி, ஆஸ்பத்திரியில் அத்தாவைத் தூக்கி உட்கார வைத்த வார்டு அம்மா, குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கம் செய்த ஜமாஅத்தார் எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. சட்டென்று மன்னித்தேன் என்று சொல்லி எங்களை அனுப்பிவிடாமல், உள்ளதைச் சொன்ன சோலைமலை அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தாவின் மறுமைக்காக நீங்கள் எல்லோரும் துஆ கேட்பீர்கள் என்று தெரியும். அந்த ஒரு மன்னிப்பு வந்து சேரும் வரை அத்தா அங்கே காத்துக்கொண்டுதான் இருப்பார் என்று நான் நம்புகிறேன். அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாக இன்னும் எட்டு வருடமோ பத்து வருடமோ ஆகும். அவள் மாட்டேன் என்றும் சொல்லலாம். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனாலும் நான் போய்க் கேட்க வேண்டும். அதுவரைக்கும் எனக்கு ஹயாத்தை, ஆயுளைக் கொடு என்றுதான் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்கிறேன். எனக்காகக் கையேந்துகிறவர்களும் அதையே கேளுங்கள்.

இப்படிக்கு,
மூத்த மகள்